வெளிவந்த வரிசையின் நியாயம்

2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காஸில்' தமிழ்க் குரலோடும் திரையரங்குகளுக்கு வந்தது. எந்த அறிமுகமும் இல்லாமல் படம் தொடங்கிவிடுகிறது. நாயகர்கள் ஒரு மாயக் கோட்டைக்குள் விழுகிறார்கள், போர் மூண்டுவிடுகிறது. 2019-ல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடரையும் 2020-ல் வந்த 'முகென் டிரெய்ன்' படத்தையும் அதற்குப் பின் வந்த சீசன்களையும் பார்த்தவர்களுக்காகவே அது எடுக்கப்பட்டது. இந்தத் தொடரில் எங்கே தொடங்குவது என்பதற்கு விடை எளிது. கோயோஹாரு கோட்டோகே 2016 முதல் 2020 வரை வரைந்து முடித்த 23 தொகுதி மாங்காவை, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதையை, அனிமே என்ற அசைபட வடிவம் முதலிலிருந்து வரிசையாகப் பின்தொடர்கிறது. 2019 தொடரின் முதல் எபிசோடில் தொடங்கி நேராகச் செல்லலாம். 'முகென் டிரெய்ன்' கதை படமாகவும், 2021-ல் ஏழு எபிசோடுகளாகவும் இருமுறை வந்திருக்கிறது. ஏதாவது ஒன்றைப் பார்த்தால் போதும்.

எல்லாத் தொடர்களிலும் இந்த எளிமை கிடைப்பதில்லை. நாவல், மாங்கா, தொலைக்காட்சித் தொடர், திரைப்படம், கணினி விளையாட்டு, கைபேசி விளையாட்டு என்று ஒரே பெயரில் பல வடிவங்கள் இருக்கும். சில ஒரே கதையைத் திரும்பச் சொல்லும், சில தொடர்ச்சி, சில முன்கதை. வேறு சில பெயரைத் தவிர எதையும் பகிர்ந்துகொள்ளாது. புதிதாக வருபவர் பெரும்பாலும் கதைக்குள் ஓடும் காலப்படி எல்லாவற்றையும் அடுக்கப் பார்க்கிறார். முன்னால் நடந்ததை முன்னால் பார்ப்பதுதானே முறை என்று தோன்றும். நல்ல படைப்புகள் பலவற்றை அந்த எண்ணமே கெடுக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

ஒரே பெயர் பல வடிவங்களில் பரவும் இந்த அமைப்பு தற்செயலாக வந்ததல்ல. 1963 ஜனவரி 1 அன்று ஒசாமு தெசுகாவின் 'அஸ்ட்ரோ பாய்' ஜப்பானியத் தொலைக்காட்சியில் தொடங்கியது. விளம்பரதாரரான மெய்ஜி நிறுவனம் தன் சாக்லேட்டோடு அந்தப் பாத்திரத்தின் ஸ்டிக்கர்களைக் கொடுத்தது. 'மீடியா மிக்ஸ்' எனப்படும் இந்த அமைப்பு அனிமே சார்ந்து இங்கேதான் பிறந்தது என்று மார்க் ஸ்டைன்பெர்க் 2012-ல் வெளியான தன் நூலில் வாதிடுகிறார். 1976-ல் கடோகாவா பதிப்பகம் தன் நாவல் விற்பனையைப் பெருக்கத் தானே திரைப்படத் தயாரிப்பில் இறங்கியது. பின்னாளில் லைட் நாவல் எனப்படும் இளையோர் நாவல், மாங்கா, அனிமே மூன்றையும் ஒன்றுக்கொன்று விளம்பரமாக நிறுத்தும் தொழிலில் அதுவே முன்னணி வகித்தது.

இதை ஆழமாகப் புரிந்துகொண்டவர் விமர்சகர் எய்ஜி ஓட்சுகா. எண்பதுகளில் 'பிக்குரிமன்' சாக்லேட்டோடு வந்த ஸ்டிக்கர்கள் ஒவ்வொன்றின் பின்புறமும் ஒரு துணுக்குக் கதை இருந்தது. பிள்ளைகள் அந்தத் துணுக்குகளைச் சேர்த்து, யாரும் முழுதாக எழுதிக் கொடுக்காத ஒரு பெருங்கதையைத் தாங்களே உருவாக்கினார்கள். அவர்கள் வாங்கியது சாக்லேட்டை அல்ல, அந்தப் பெருங்கதையை என்று 1989-ல் ஓட்சுகா எழுதினார். அந்த விளையாட்டில் முதல் ஸ்டிக்கர் என்று ஒன்று கிடையாது, எதை வாங்கினாலும் அதுவே தொடக்கம். விற்பவருக்கு அதுதான் வசதி. எழுதுகிறவர் நிலை வேறு. தன்னை வாசிப்பவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும், என்ன தெரியாது என்று முடிவுசெய்யாமல் அவரால் ஒரு காட்சியைக்கூட அமைக்க முடியாது. தொடக்கப் புள்ளியைத் தேடுகிறவர் கண்டறிய வேண்டியது அந்த முடிவைத்தான்.

'ஹருஹி சுசுமியா'வைப் பாருங்கள். நகாரு தனிகாவாவின் லைட் நாவல்களைக் கியோட்டோ அனிமேஷன் 2006-ல் 14 எபிசோடுகளாக எடுத்தபோது அவற்றை வேண்டுமென்றே கலைத்து ஒளிபரப்பியது. முதலில் வந்தது பள்ளி மாணவர்கள் எடுத்த கத்துக்குட்டிப் படம் ஒன்று. யார் எவர் என்று தெரியாமல் பார்வையாளர்கள் திகைத்தார்கள். முதல் நாவலின் உச்சக்கட்டம் கதைக் காலத்தில் ஆறாவதாக வர வேண்டியது, ஒளிபரப்பில் கடைசியாக வந்தது. அடுத்த எபிசோடின் முன்னோட்டத்தில் ஹருஹி ஓர் எண்ணைச் சொல்வாள், கதைசொல்லியான கியோன் வேறோர் எண்ணைச் சொல்லித் திருத்துவான். 2009-ல் புதிதாக 14 எபிசோடுகளைச் சேர்த்து, 28-ஐயும் கதைக் காலப்படி ஒளிபரப்பினார்கள். உச்சக்கட்டம் ஆறாம் வாரத்திலேயே முடிந்துவிட்டது. அதன் பிறகு ஒரே கோடை நாட்கள் மீண்டும் மீண்டும் வரும் எட்டு எபிசோடுகள் காத்திருந்தன. கதை அதேதான், ஆனால் அதன் முதுகெலும்பு காணாமல் போயிருந்தது. நான் 2006-ன் வரிசையையே சொல்வேன். புதிய எபிசோடுகளை அதற்குப் பிறகு பார்த்துவிட்டு, 2010-ல் வந்த 'மறைவு' திரைப்படத்துக்குச் செல்லலாம். அந்தப் படம் 2009-ல் சேர்ந்த ஒரு தனபாத்தா விழாக் கதையின் மேல் நிற்பதால் இடையில் உள்ளதைத் தாண்ட முடியாது.

இந்தத் துறையில் மிக அதிகம் வாதிக்கப்படும் பெயர் 'ஃபேட்'. அதன் தாய் வடிவம் அனிமே அல்ல. டைப்-மூன் குழு 2004 ஜனவரியில் வெளியிட்ட 'ஃபேட்/ஸ்டே நைட்' என்ற விஷுவல் நாவல் அது. படமும் இசையும் சூழ, திரையில் வரிவரியாக வாசித்துப் போகும் கதை விளையாட்டு. எழுதியவர் கினோகோ நாசு, வரைந்தவர் தகாஷி தகேயுச்சி. ஃபுயுகி என்ற கற்பனை நகரத்தில் ஏழு மந்திரவாதிகள் வரலாற்றிலோ புராணத்திலோ வரும் வீரரை ஆளுக்கொருவராக ஆவி வடிவில் வரவழைத்து, ஒரு புனிதக் கிண்ணத்துக்காகப் போரிடுகிறார்கள். ஏறத்தாழ அதே இரண்டு வாரம் மூன்று தடங்களில் நடக்கிறது. ஒன்று சேபர் என்ற வீராங்கனையை மையமாகக் கொண்டது, அடுத்தது ரின் தோசாகாவை, மூன்றாவது சகுரா மாட்டோவை.

முதல் தடத்தை முடிக்காமல் இரண்டாவது திறக்காது, அதை முடிக்காமல் மூன்றாவது திறக்காது. நாசுவின் கலை இந்தப் பூட்டில்தான் இருக்கிறது. முதல் தடம் நாயகன் எமியா ஷிரோவின் இலட்சியத்தை வாசகரும் நம்பும்படி நிறுவுகிறது. இரண்டாவது அந்த இலட்சியத்தை அவனுக்கே எதிராக நிறுத்துகிறது. மூன்றாவது, ஒருத்திக்காக அதைக் கைவிடுவாயா என்று கேட்கிறது. மூன்றாவது கேள்விக்குக் கனம் தருவது முதல் இரண்டிலும் நாம் செலவழித்த நேரம்.

2006-ல் ஸ்டுடியோ டீன் எடுத்த 24 எபிசோடு தொடர் முதல் தடத்தை எடுத்துக்கொண்டு, மற்ற இரண்டிலிருந்தும் துண்டுகளை ஒட்டியது. அதனால் பின்னால் வர வேண்டிய சில முன்னாலேயே கசிந்தன. யூஃபோடேபிள் ஸ்டுடியோ 2014-15-ல் இரண்டாம் தடத்தைத் தொடராகவும், 2017, 2019, 2020-ல் மூன்றாம் தடத்தை மூன்று திரைப்படங்களாகவும் எடுத்தது. முதல் தடத்தை அது எடுக்கவேயில்லை. மூன்றாம் தடத்தின் முதல் படம், போர் தொடங்கும் நிகழ்வுகளைப் பெயர்ப்பட்டியல் ஓடும் நேரத்திலேயே கடந்துவிடுகிறது. பார்ப்பவருக்கு அவை தெரியும் என்பது அதன் கணக்கு.

இங்கேதான் 'ஃபேட்/ஸீரோ' குறுக்கே வருகிறது. கதைக் காலத்தில் அது பத்தாண்டு முந்தையது. கென் உரோபுச்சி 2006-07-ல் நான்கு தொகுதி நாவலாக எழுதினார், 2011-12-ல் யூஃபோடேபிள் அதைச் சிறந்த அனிமேயாக எடுத்தது. இதில்தான் தொடங்க வேண்டும் என்று பலர் சொல்கிறார்கள். நான் உடன்படவில்லை. விளையாட்டை முடித்தவர்களுக்காக எழுதப்பட்ட நாவல் அது. போர் எப்படி முடியும் என்பது வாசகருக்கு முன்பே தெரியும். தெரிந்த அழிவை நோக்கி மனிதர்கள் நடப்பதுதான் அதன் துயரம். புதியவர் அந்தத் துயரத்தை இழக்கிறார். கூடவே, மூன்றாம் தடம் கடைசிவரை மறைத்து வைத்திருக்கும் சகுராவின் கதையையும் ஒரு பாதிரியாரின் உள்ளத்தையும் முன்கூட்டியே அறிந்துவிடுகிறார். இரு பக்கமும் நஷ்டம்.

2024 ஆகஸ்டில் 'ஃபேட்/ஸ்டே நைட்' மெருகூட்டிய பதிப்பாக ஸ்டீம் தளத்திலும் நின்டெண்டோ ஸ்விட்சிலும் வந்தது. முதல்முறையாக அதிகாரபூர்வ ஆங்கில வடிவமும் அதில் கிடைத்தது. இருபது ஆண்டுகளாக இருந்த பெரிய தடை நீங்கியது. நாள்கணக்கில் வாசிக்கப் பொறுமை உள்ளவர் வேறெதையும் யோசிக்க வேண்டாம். அனிமே மட்டும் போதும் என்பவர் 2014 தொடரில் பூஜ்ஜியம் என்று எண்ணிட்ட எபிசோடில் தொடங்கலாம். அது ரின்னின் பார்வையில் நகர்கிறது, விளையாட்டும் ரின்னின் முன்னுரையோடுதான் தொடங்குகிறது. அடுத்து மூன்று படங்கள், அதன் பிறகு 'ஸீரோ'.

'கன்டம்' இதற்கு நேர்மாறான சிக்கல். அங்கே தாய் வடிவம் எது என்பதில் ஐயமில்லை, ஆனால் அதை அணுகுவது கடினம். யோஷியுகி டோமினோ இயக்கிய ராட்சத ரோபோத் தொடரான 'மொபைல் சூட் கன்டம்' 1979 ஏப்ரலில் தொடங்கியது. பார்வையாளர் குறைந்து பொம்மையும் விற்காததால், திட்டமிட்டதைவிட முன்னதாக 1980 ஜனவரியில் 43 எபிசோடுகளோடு முடிக்கப்பட்டது. அந்த ஆண்டே பண்டாய் நிறுவனம் 300 யென்னுக்கு விற்கத் தொடங்கிய பிளாஸ்டிக் மாதிரிகளும் மறு ஒளிபரப்பும் அதைப் பெரும் வெற்றியாக்கின. 1981-82-ல் தொடரைச் சுருக்கி மூன்று திரைப்படங்கள் வந்தன.

முதலில் பார்க்க வேண்டியவை அந்த மூன்று படங்கள். சுருக்கிய படங்கள் பொதுவாக மூலத்துக்கு ஈடாவதில்லை. இவை விதிவிலக்கு. தொடரின் பிற்பகுதியில் நோயுற்று மருத்துவமனையில் இருந்த பாத்திர வடிவமைப்பாளர் யோஷிகாசு யாசுஹிகோ, மூன்றாம் படத்துக்காகப் பெரும்பகுதியைப் புதிதாக வரைந்தார். பொம்மை விற்பதற்காகத் தொடரில் நுழைக்கப்பட்ட ஒரு துணை விமானமும் படங்களில் நீக்கப்பட்டது. கதை தன் எலும்புக்கு வந்து நிற்கிறது.

இதற்குப் பிறகு 1985-ன் 'ஸீட்டா', 1988-ன் 'சார்ஸ் கவுன்டரட்டாக்' திரைப்படம், 2010-ல் தொடங்கிய 'யூனிகார்ன்' என்று ஒரே வரலாறு நீள்கிறது. 1994 முதல் 'ஜி', 'விங்', 'ஸீட்', 'டபுள் ஓ' எனத் தனித்தனி உலகங்களும் வந்தன. அமெரிக்காவில் ஒரு தலைமுறை, 2000-ல் கார்ட்டூன் நெட்வொர்க்கில் வந்த 'விங்' வழியாகவே கன்டமை அறிந்தது. பழைய படத்தின் கோடுகளைத் தாங்க முடியாதவர் 2022-ன் 'தி விட்ச் ஃப்ரம் மெர்குரி'யில் தொடங்கலாம். அதற்கு முன்னறிவு எதுவும் தேவையில்லை. ஆனால் 2025-ல் வந்த 'ஜிகுவாக்ஸ்' அப்படியல்ல. 1979 கதையின் ஒரு கணம் வேறுவிதமாக நடந்திருந்தால் என்னவாகும் என்பதுதான் அதன் கரு. மூலத்தை அறியாதவருக்கு அந்த வியப்பு வாய்க்காது. புதிதாக வந்தது புதியவருக்கானது என்று கொள்ளக் கூடாது. அதேபோல, முதல் தொடரின் நாயகனுக்கு எதிரியான சார் அஸ்னபிளின் இளமையைச் சொல்லும் 'தி ஆரிஜின்' அனிமேயில் தொடங்குபவர், முகமூடி அணிந்த அந்த மனிதனின் மர்மத்தை முதல் மணி நேரத்திலேயே தொலைத்துவிடுகிறார்.

'எவாஞ்சலியன்' பற்றி நீட்ட வேண்டியதில்லை. 1995-96-ன் 26 எபிசோடுகள், பிறகு 1997 ஜூலையில் வந்த 'தி எண்ட் ஆஃப் எவாஞ்சலியன்'. 2007 முதல் 2021 வரை வந்த நான்கு படங்கள் வெறும் மறு ஆக்கம் போலத் தோன்றும். ஆனால் முதல் படத்திலேயே கடல் சிவந்திருக்கிறது, பழைய தொடரைக் கண்டவருக்குத்தான் அது உறைக்கும். 'கோஸ்ட் இன் த ஷெல்'லில் கவலையே வேண்டாம். மசமுனே ஷிரோவின் 1989 மாங்கா, மமோரு ஓஷீயின் 1995 படம், கென்ஜி கமியாமாவின் 2002 தொடர் மூன்றும் தனித்தனிக் காலக்கோடுகள். ஓஷீயின் 2004 படமான 'இன்னசன்ஸ்' மட்டும் 1995 படத்தைக் கேட்கும்.

இருபது படைப்புகள் ஒரே பெயரில் இருந்தால் இருபதையும் பார்க்க வேண்டிய கடன் யாருக்கும் இல்லை. எதை எந்த வரிசையில் பார்ப்பது என்று விளக்கும் படங்களை வரைந்து பகிர்பவர்களின் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் அவை முழுமையைக் கேட்பதால், தொடங்க வந்தவர் அஞ்சித் திரும்பிப் போகிறார். இன்றே எதையாவது பார்க்க விரும்பினால், 1989-ல் ஃபுமிஹிகோ தகயாமா இயக்கிய 'கன்டம் 0080: வார் இன் த பாக்கெட்' இருக்கிறது. ஆறே எபிசோடுகள். போரை விளையாட்டாக நினைக்கும் ஒரு தொடக்கப்பள்ளிச் சிறுவனின் கதை. இதைப் பார்க்க முன்னால் எதையும் பார்த்திருக்கத் தேவையில்லை. மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். இதில் தொடங்குங்கள்.