'குடி' என்னும் சொல்லும் குடிமையும்: உடும்பஞ்சோலை தரும் சான்று

மொழி, இனம் ஆகிய பிணைப்புகளைக் கடந்து, அரசமைப்பின்மீது கொள்ளும் பற்றே பன்மைச் சமுதாயத்தை ஒருங்கிணைக்கும் என்பது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் செல்வாக்குப் பெற்ற ஒரு கொள்கை. 'அரசமைப்புப் பற்று' என்னும் தொடரை ஜெர்மானிய அறிஞர் ஸ்டெர்ன்பெர்கர் 1979இல் வழங்கினார். ஹேபர்மாஸ் அதனை விரித்துரைத்தார். தேசியவாதத்தின் கேடுகளை அறிந்தோர்க்கு இக்கொள்கை ஏற்புடையதாகவே தோன்றும். ஆனால் குடிமை என்பது எம்மொழியில் நடைபெறுகிறது என்னும் வினாவை அது போதிய அளவு எழுப்பவில்லை. தேனி மாவட்டத்தை ஒட்டிய இடுக்கி மாவட்டத்து உடும்பஞ்சோலை வட்டம் இவ்வினாவைத் தவிர்க்க இடந்தராத நிலப்பகுதியாகும்.

இங்குக் 'குடி' என்னும் ஒரே வேர்ச்சொல் மூன்று வரலாறுகளைத் தாங்கி நிற்கிறது. முதுவர், மன்னான் முதலிய பழங்குடியினரின் வாழிடம் 'குடி'. கோட்டயம் முதலிய சமவெளிப் பகுதிகளிலிருந்து மலையேறிக் காடு திருத்திய மலையாள உழவரின் வரலாறு 'குடியேற்றம்'. 'குடியேற்றக் கர்ஷகன்' என்பது மலையாளத்தில் பெருமிதம் தொனிக்கும் தொடர். இவ்விரண்டினும் வேறாகச் சட்டம் வழங்குவது 'குடியுரிமை'. ஏலத்தோட்டத்தில் தலைமுறை தலைமுறையாக லயத்தில் வாழும் தமிழ்த் தொழிலாளிக்கோ இம்மூன்றனுள் இறுதியானது மட்டுமே உண்டு. அவர் வருகையைக் 'குடியேற்றம்' என்று பெருமிதத்துடன் சுட்டும் வழக்கு இல்லை. மலையேறிய இருவருள் ஒருவர் 'குடியேறியவர்', மற்றவர் 'பிழைக்க வந்தவர்' என வழங்கப்பெறுதல் சொற்பொருளியல் நோக்கில் கருதத்தக்கது. திருக்குறளில் 'குடிமை' என்னும் அதிகாரம் நற்குடிப் பிறப்பையே பேசுகிறது. பிறப்பைச் சுட்டிய சொல் அரசியல் உறுப்புரிமையைச் சுட்டுமளவு பொருள் பெயர்ந்த பின்னரும், பழம்பொருள் முற்றும் அகன்றுவிடவில்லை போலும்.

1955ஆம் ஆண்டு மாநில மறுசீரமைப்பு ஆணைய அறிக்கையை இவ்வெளிச்சத்தில் மீண்டும் படித்தல் வேண்டும். தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழகத்துடன் இணைக்கத் திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் நேசமணி தலைமையில் போராடியது. தமிழ்த் தொழிலாளருள் பலர் நிலையாகத் தங்காதவர் என்னும் வாதம் எதிர்த்தரப்பில் வலியுறுத்தப்பெற்றது. மொழிக் கணக்கை மட்டும் சான்றாகக் கொள்ள மறுத்த ஆணையம், அவ்வட்டங்கள் கேரளத்திலேயே இருக்கப் பரிந்துரைத்தது. மொழி ஒன்றே எல்லையை முடிவு செய்யலாகாது என்னும் நெறி ஏற்கத்தக்கதே. உழைக்க வந்தவர் நிலையற்றவர் என்னும் வாதமோ அத்தகையதன்று. பட்டம் தாணுப்பிள்ளை முதலமைச்சராக இருந்த 1954–55இல்தான் கல்லாறு முதலிய இடங்களில் அரசே மலையாள உழவரைக் குடியமர்த்தியது. அவர்களை எவரும் நிலையற்றவர் என்றிலர். (ஆணைய உறுப்பினர் பணிக்கர் மலையாளி என்பதைச் சுட்டும் பழைய குறைகூறல் வாதமாகாது, அறிக்கையை அதன் காரணங்களைக் கொண்டே மதிப்பிடல் வேண்டும்.)

இணைப்புக் கோரியோரின் வாதமும் குறையுடையதே. தமிழர் மிகுதி, ஆதலின் நிலம் தமிழகத்தது என்னும்போது, தமிழ்–மலையாளக் கிளைக்குள் அடங்கும் பேச்சுடைய முதுவரும் மன்னான்களும் இரு தரப்பிலும் எண்ணிக்கையாகவே எஞ்சுகின்றனர். மதுரைப் பக்கத்திலிருந்து மலையேறியதாக அவர்களிடையே வாய்மொழி மரபு உண்டு. அதனால் அவர்கள் எம்மாநிலத்துக்கு உரியவர் ஆவர்? முல்லைப் பெரியாறு பூசலையொட்டி 2011 டிசம்பரில் இணைப்புக் கோரிக்கை மீண்டும் எழுந்தபோது, அச்சத்தால் தோட்டங்களை விட்டுக் காட்டுவழியே தேனி மாவட்டத்துக்கு இறங்கியோர் தமிழ்த் தொழிலாளரே. தமிழகத்தில் மலையாளிகளின் கடைகளும் தாக்கப்பெற்றன. போடிநாயக்கனூரிலும் புற்றடியிலும் ஒரே ஏலக்காய்க்கு விலை கூறும் இரு மொழியினரின் வணிக உறவு அந்நாள்களில் அரணாக அமையவில்லை.

அவ்வரண் சட்டத்தில் ஓரளவு உள்ளது. 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தம் மொழியிலேயே தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் எழுதவும், அம்மொழியிலேயே மறுமொழி பெறவும் வகை செய்கிறது. தமிழிலேயே கேரளத்தவராக இருத்தல் இயலும் என்பதே இதன் உட்கிடை. ஆயினும் நடைமுறை எளிதன்று. 2021 மே 24 அன்று தேவிகுளம் சட்டமன்ற உறுப்பினர் அ. ராஜா தமிழில் உறுதிமொழி ஏற்றார். மொழிபெயர்ப்புப் படியில் ஆணையிடுதலைக் குறிக்கும் தொடர் விடுபட்டிருந்தமையால் ஜூன் 2 அன்று மீண்டும் ஏற்க நேர்ந்தது. அரசமைப்பின்மீதான பற்றை அறிவிக்கும் சடங்கே ஒரு தொடரின் விடுபாட்டால் நிறைவுறாது போயிற்று. பற்றுக்கும் மொழி வேண்டும். அம்மொழியைப் பிழையின்றி எழுதும் அலுவலரும் வேண்டும். இதனை அரசமைப்புப் பற்றுக் கொள்கையினர் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

சட்டத்திலும் ஓர் இடைவெளி உண்டு. உள்ளூர் அலுவலகங்களைப் பொறுத்தவரை இவ்வுரிமை, மொழிச் சிறுபான்மைப் பகுதியென அறிவிக்கப்பெற்ற இடங்களுக்கே உரியது. எனவே அது குடிமகனைச் சார்ந்ததாக இன்றி நிலத்தைச் சார்ந்ததாக அமைகிறது. நெடுங்கண்டத்தை விட்டு வேறு மாவட்டத்துக்குப் பணிமாறிச் செல்லும் தமிழர், அவ்வூர் அலுவலகத்தில் இவ்வுரிமையை இழக்கிறார். அரசமைப்பின் 350ஆம் பிரிவின்படி அவர் அங்கும் தம் குறையைத் தமிழில் எழுதித் தரலாம்; ஆனால் மறுமொழி தமிழில் வரவேண்டும் என்று அப்பிரிவு கூறவில்லை.