ஐந்து மணி நேரத்தில் பாலாறு

இளங்கலையில் எந்தப் பாடம் எடுத்தாலும் சுற்றுச்சூழல் தாள் உண்டு. 1991-இல் எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவின் தொடர்ச்சி அது. இதற்காகப் பல்கலைக்கழக மானியக் குழு வகுத்த ஆறு மாதப் பாடத்திட்டத்தை மறுபடி படித்தேன். மொத்தம் 50 வகுப்பு, களப்பணிக்கு 5. மதிப்பெண்ணோ 100-க்கு 25!

கணக்கு இடிக்குதே. அஞ்சு மணி நேரத்தில் ரெக்கார்டு நோட்டில் போட்டோ ஒட்டத்தான் முடியும்.

வாலாஜாபாத் மாணவரை எடுத்துக்கொள்வோம். 'மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும்' என்ற கோட்பாட்டை அவர் பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிறார். அது இந்தியச் சட்டத்தின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-இல் சொன்னது, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கில். அந்தக் கழிவு கலந்தது பாலாற்றில். அவர் ஊரைத் தொட்டு ஓடுகிற அதே ஆறு.

பாடத்திட்டம் மோசம்னு சொல்லமாட்டேன். உள்ளூர் ஆற்றையும் மாசுபட்ட இடத்தையும் போய்ப் பார்க்கச் சொல்லி அதிலேயே இருக்கு. அதற்கு நேரம் தரவில்லை என்பதே என் குறை. கோடையில் வெறும் மணலாகக் கிடந்து, வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் பார்க்கும் ஆற்றை ஒரே நடையில் எப்படிப் படிப்பது?

களப்பணியை மட்டும் ஒரு வருடத்துக்கு நீட்டலாம். கோடையில் ஒரு முறை, மழைக்குப் பின் ஒரு முறை, ஆற்றங்கரைக் கிணற்று நீரில் டி.டி.எஸ். மீட்டரை வைத்துப் பார்க்கட்டும். கரைந்திருக்கும் உப்பு எங்கிருந்து வந்தது என்று மீட்டர் சொல்லாது. அதை மாணவர் கேட்க ஆரம்பிப்பார்.