கையா, ஆளா, கூலியா? – வேலை பற்றிய ஆங்கிலச் சொற்களின் அரசியல்

மொழி எல்லோருக்கும் பொதுவான கருவி என்று இன்னமும் நம்மில் பலர் நம்பிக்கொண்டிருக்கிறோம். அகராதியைப் புரட்டினால் அப்படித்தான் தோன்றும். ஒரு சொல் யார் வாயில் பிறந்தது, யார் மேசையில் பிறந்தது என்று கேட்க ஆரம்பித்தால் கதை வேறு. வேலை குறித்த ஆங்கிலச் சொற்களை வைத்து, ரேமண்ட் வில்லியம்ஸின் ‘கீவேர்ட்ஸ்’ (1976) நூலோடு மோதிப் பார்க்கிறேன்.

‘வொர்க்’ என்ற சொல்லுக்கு வில்லியம்ஸ் எழுதிய பதிவு முக்கியமானது. செயல் என்று பரந்து கிடந்த சொல், முதலாளிய உற்பத்தி உறவுகளுக்குள் சம்பளத்துக்குச் செய்வது மட்டுமே என்று எப்படிச் சுருங்கியது என்பதை அவர் காட்டுகிறார். வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்பவள் ‘வேலை செய்யாதவள்’ ஆனது இந்தச் சுருக்கத்தால்தான். “உங்க அம்மா என்ன பண்றாங்க?” “சும்மா வீட்லதான் இருக்காங்க.” இந்த ‘சும்மா’வுக்குள் எத்தனை குடம் தண்ணீர், எத்தனை வேளைச் சமையல்! 1972இல் செல்மா ஜேம்ஸ் உள்ளிட்டோர் தொடங்கிய ‘வீட்டுவேலைக்குக் கூலி’ இயக்கம் காசு கேட்டதோடு, அந்தச் சொல்லின் வேலியையும் பிடுங்கப் பார்த்தது.

அந்த நூலில் ‘லேபர்’ உண்டு, ‘அன்எம்ப்ளாய்மென்ட்’ உண்டு, ‘மேனேஜ்மென்ட்’ உண்டு. ‘ஸ்ட்ரைக்’ இல்லை, ‘பாய்காட்’ இல்லை. வில்லியம்ஸின் தந்தை ரயில்வே சிக்னல்காரர், 1926 பொது வேலைநிறுத்தத்தில் பங்கெடுத்தவர். அப்படியிருந்தும் ஏன் இந்த விடுபடல்? சிந்தனையாளர்களின் எழுத்தில் பொருள் மாறி மாறிச் சிக்கலான சொற்களையே அவர் தேடினார். கைகளால் செய்து காட்டப்பட்ட சொற்கள் அந்த வலையில் சிக்கவில்லை.

1768 மே மாதம். லண்டனில், தேம்ஸ் நதியில் நின்ற கப்பல்களின் மாலுமிகள் கூலி உயர்வு கேட்டுப் பாய்களை இறக்கினார்கள். பாயை இறக்குவதற்குக் கடல் வழக்கில் பெயர் ‘ஸ்ட்ரைக்’. கப்பல் நகரவில்லை; சொல் நகர்ந்தது. இன்று உலகமெங்கும் தொழிலாளி வாயில் இருப்பது அந்த மாலுமிகளின் தொழில்மொழிதான்.

1880. அயர்லாந்தின் மேயோ பகுதி. எர்ன் பிரபுவின் நிலங்களுக்கு ஏஜென்ட், கேப்டன் சார்லஸ் பாய்காட். வாரத்தைக் குறைக்கச் சொன்ன குடியானவர்களை அவர் வெளியேற்றக் கிளம்பியபோது ஊரே அவரை ஒதுக்கியது. வேலையாட்கள் போய்விட்டார்கள், கடைக்காரர் சாமான் தரவில்லை. வெளியிலிருந்து 50 பேரைக் கூட்டிவந்து, சுமார் 1000 சிப்பாய்களைக் காவல் வைத்துத்தான் அறுவடை நடந்தது. ‘ஆஸ்ட்ரஸிஸம்’ என்ற படித்தவர் சொல் குடியானவர்களுக்குப் பிடிபடாது என்று, அந்த ஆளின் பேரையே வினைச்சொல்லாக்கித் தந்தவர் பாதிரியார் ஜான் ஓமேலி என்று பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெட்பாத் எழுதியிருக்கிறார்.

உடனே இதைக் கொண்டாடிவிட வேண்டாம். நம் ஊர்களில் அதே ஒதுக்கலைத் தலித்துகள் மீது ஏவுகிறவர்கள் ஆதிக்க சாதியினர். கூலி வேலை கிடையாது, கடையில் சாமான் கிடையாது. சமூக, பொருளாதாரப் புறக்கணிப்பைக் குற்றமாக்க வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015இல் திருத்தம் தேவைப்பட்டது. சொல்லுக்கென்று நிரந்தர வர்க்கம் கிடையாது. யார் யாரைத் தள்ளிவைக்கிறார் என்பதே அதன் பொருள்.

இனி மேசைச் சொற்கள். ஆலைத் தொழிலாளிக்கு ஆங்கிலத்தில் ‘ஹேண்ட்’ என்று பெயர்: வெறும் கை. வயிறு, தலை, வாய் எதுவும் கணக்கில் இல்லை. டிக்கன்ஸ் 1854இல் ‘ஹார்ட் டைம்ஸ்’ நாவலில் இந்தச் சொல்லைக் கிண்டலடித்தார். வேலையிலிருந்து துரத்துவதற்கு ‘சாக்கு கொடுப்பது’ என்று பேச்சுவழக்கு. தொழிலாளி தன் கருவிப்பையோடு வெளியே போனதிலிருந்து வந்தது என்று பொதுவாக விளக்கம் சொல்கிறார்கள். கொடூரம்தான், ஆனாலும் அதில் கொடுப்பவன் ஒருவன் கண்ணுக்குத் தெரிகிறான். ‘ரிடண்டன்ட்’ என்ற சொல்லில் யாருமே இல்லை. வழிந்து ஓடுவது என்ற பொருளுள்ள லத்தீன் மூலம் அது. பிரிட்டனில் 1965இல் இதன் பேரிலேயே இழப்பீட்டுச் சட்டம் வந்தது. துரத்தியவன் மறைந்துபோய், துரத்தப்பட்டவன் தானாக வழிந்த மிச்சமாகிறான். நாம் இதை ‘ஆட்குறைப்பு’ என்கிறோம். குறைத்தது யார் என்று நம் சொல்லும் கேட்பதில்லை. ‘மனிதவளம்’ என்கிறோமே, கனிமவளம் மாதிரி, தோண்டி எடுப்பவர் எங்கே?

“சொல்லை மாத்திட்டா சோறு வந்துடுமா?” தோழர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பிரிட்டனில் 1823ஆம் ஆண்டின் ‘எஜமானர் – வேலைக்காரர்’ சட்டப்படி, ஒப்பந்தத்தை மீறிய தொழிலாளிக்குச் சிறை. மீறிய எஜமானருக்கு அது வெறும் சிவில் வழக்கு. 1875இல் ‘முதலாளி – தொழிலாளர்’ என்று புதிய சட்டம் வந்தபோது பெயரோடு சிறையும் போனது. தொழிற்சங்கங்கள் போராடியதால்தான் இரண்டும் ஒன்றாக மாறின. சொல் தானாக எதையும் தராது. ஆனால் போராடி வாங்கியதைப் பதிந்துவைக்கும் இடம் அதுதான்.

வில்லியம்ஸின் இன்னொரு மௌனம் நமக்கு நெருக்கமானது: ‘கூலி’. ஆங்கிலத்துக்கு இது தமிழிலிருந்து போனது என்பாரும் உண்டு, குஜராத்தின் கோலி என்ற சாதிப்பெயரிலிருந்து போனது என்பாரும் உண்டு. எப்படியானாலும் தமிழில் உழைப்புக்குத் தரும் காசைக் குறிப்பது, ஆங்கிலத்தில் உழைப்பவனின் பெயராயிற்று. 1834இல் மொரீஷியஸுக்கு ஒப்பந்த ஆட்கள் போகத் தொடங்கினார்கள். நேட்டாலுக்கும் கரீபியனுக்கும் போனார்கள். போன இடமெல்லாம் அது இனத்தைக் குறிக்கும் வசையானது. தென்னாப்பிரிக்காவில் காந்திகூட ‘கூலி பாரிஸ்டர்’தான். காசுக்கும் மனிதனுக்கும் இருந்த இடைவெளியைப் பேரரசு அழித்தது. 1992இல் மொரீஷியஸ் கவிஞர் கால் தோராபுல்லி அந்த வசையையே எடுத்து ‘கூலித்துவம்’ என்று தன் கவிதைக்குப் பேர் வைத்தார்.

இன்றைய மேசைச் சொல் ‘கிக்’. ஜாஸ் இசைக்காரர்கள் ஓர் இரவுக் கச்சேரிக்கு வைத்த செல்லப் பெயர், இன்று நாளெல்லாம் வண்டி ஓட்டுபவர் தலையில் கட்டப்பட்டிருக்கிறது. ஊபர் தன் ஓட்டுநர்களைச் சுயதொழில் செய்பவர்கள் என்று எழுதிவைத்தது. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதிலிருந்து தொடங்கக் கூடாது என்று 2021 பிப்ரவரியில் பிரிட்டிஷ் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர்கள் ‘வொர்க்கர்’. அந்த ஒற்றைச் சொல்லில் குறைந்தபட்சக் கூலியும் சம்பளத்தோடு விடுப்பும் இருந்தன. இந்தியாவின் 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்போ, மரபான முதலாளி – தொழிலாளி உறவுக்கு வெளியே உழைப்பவர் என்றே கிக் தொழிலாளரை வரையறுக்கிறது. வெளியே என்றால் எங்கே?

துண்டறிக்கை எழுதுகிறவர்களும் மொழிபெயர்க்கிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். நிர்வாகம் அனுப்பும் சொல்லைத் தூய தமிழில் பெயர்த்துவிட்டால் வேலை முடிந்ததாக நினைக்கிறோம். ‘ஆயிரம் பேர் ஆட்குறைப்பு’ என்று எழுதாமல், இன்ன கம்பெனி ஆயிரம் பேரை வெளியே தள்ளியது என்று எழுதலாம். எழுவாயைத் திருப்பி வைப்பதும் அரசியல்தான்.