வெளியீடும் பதிப்பும்: ‘லொள்ளு சபா’வின் மின்வழி மறுவாழ்வு

விஜய் தொலைக்காட்சியில் ராம்பாலா இயக்கத்தில் ஒளிபரப்பான ‘லொள்ளு சபா’, இன்று யூடியூபில் துணுக்குகளாகக் காணக் கிடைக்கிறது. சந்தானம், சுவாமிநாதன், மனோகர், ஜீவா முதலியோர் தமிழ்த் திரைப்படங்களைப் பகடி செய்து நடித்த இந்நிகழ்ச்சி ஆய்வுக்குரியது என்பதில் ஐயமில்லை. எனினும் ஆய்வாளர் முதலில் எதிர்கொள்ளும் வினாவே விடையற்று நிற்கிறது: குறிப்பிட்ட பகுதி எந்நாளில் ஒளிபரப்பாயிற்று? யூடியூப் காட்டுவது பதிவேற்றிய நாளை மட்டுமே. அதனை மேற்கோளில் இட்டால் பல்லாண்டுப் பிழை நேரும்.

பகடிக்குக் காலம் புறச்செய்தி அன்று. ‘போக்கிரி’ 2007 சனவரியில் வெளிவந்தது. அது திரையரங்கில் ஓடிக்கொண்டிருக்கையில் கேலி செய்வது நாயக வழிபாட்டோடு நேர்நின்று மோதுவதாகும். ஈராண்டு கழித்துச் செய்வது நினைவோடு விளையாடுவது மட்டுமே. பகடி மூலப்படத்துக்கு முற்பட்டிருக்க இயலாது என்பதைக் கொண்டு முன்னெல்லையை வகுக்கலாம். பழந்தமிழ் நூல்களுக்கு அகச்சான்றால் காலம் கணிக்கும் அம்முறையை நேற்றைய தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கும் கையாள நேர்வது விந்தையே.

இக்குறை இணையத்தோடு பிறந்ததன்று. சென்னைத் துறைமுகத்தை ஒட்டி, பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களின் கடைத்தெருவாக உருவானது பர்மா பஜார். அங்கு விற்ற திருட்டு விசிடிகளுக்குப் படத்தின் பெயரும் நாயகன் முகமும் போதுமானவையாக இருந்தன. இராயபுரம், திருவொற்றியூர்ப் பகுதிகளில் திரையரங்கு செல்ல இயலாத சிறுவர் பலருக்கு, பகடியைச் சுவைக்க வேண்டிய மூலப்பட அறிமுகத்தை அவ்வட்டுகளே தந்திருக்கக்கூடும். பதிப்பாளரின் கடமையை அவ்வணிகரிடம் எதிர்பார்க்க முடியாது. உரிமை உடைய நிறுவனத்திடம் எதிர்பார்க்கலாம்.

இங்கிலாந்தில் 1967–69இல் ஒளிபரப்பான சிறுவர் நகைச்சுவைத் துணுக்கு நிகழ்ச்சி ‘டூ நாட் அட்ஜஸ்ட் யுவர் செட்’. அதன் பகுதிகள் பல அழிந்துபட்டன. எஞ்சியவற்றைத் திரட்டி 2019இல் பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனம் டிவிடித் தொகுப்பாக வெளியிட்டது. அங்கு இழப்பே பதிப்பு முயற்சியைத் தூண்டியது. இங்கோ, எல்லாம் இருப்பதாகத் தோன்றும் மிகுதியே அம்முயற்சியைத் தேவையற்றதாகக் காட்டிவிடுகிறது.

உண்மையில் எல்லாம் இல்லை. அரைமணி நிகழ்ச்சியை ஐந்து நிமிடமாக வெட்டும்போது முதலில் உதிர்வது பெயர்ப்பட்டியலே. பின்னாளில் திரைப்படத்தில் புகழ்பெற்றவரை முகமே அடையாளம் காட்டிவிடும். உரையாடல் எழுதியவருக்கும், ஒரே காட்சியில் காவலராக வந்து அடிவாங்கிப் போன துணைநடிகருக்கும் அந்தப் பட்டியல் ஒன்றே சான்று.