கூரை கழன்ற ஹெரால்டும் பட்டி பூசிய பாரம்பரியமும்

புதுச்சேரியில் பழைய காருக்கு மறுபடி மவுசு வந்திருக்கிறது. டூமாஸ் வீதியின் மஞ்சள் சுவருக்கு முன்னால் கல்யாணப் படப்பிடிப்புக்கு நிறுத்த, கூரையில்லாத ஒரு வண்டி வேண்டும். வாடகைக்கு எடுத்தவர்கள் இப்போது வாங்கவே இறங்கிவிட்டார்கள். இதற்கு ஒரு நியாயமும் பேசப்படுகிறது: 'முழுசா ரெஸ்டோர் பண்ணின வண்டியை வாங்கிவிடு, பட்டறைக்காரரோடு மல்லுக்கட்ட வேண்டாம், கூடுதலாகக் கொடுக்கும் காசு நிம்மதிக்கான விலை.' இந்த நியாயம் எங்கும் சந்தேகத்துக்குரியது. கடற்கரை ஊரில் இது தப்புக் கணக்கு.

மவுசில் நல்லதே இல்லை என்று சொல்ல வரவில்லை. காயலான் கடைக்குப் போகவேண்டிய வண்டிகள் சில பிழைத்திருக்கின்றன. கார்புரேட்டரைக் காதால் கேட்டே சரிசெய்யத் தெரிந்த மெக்கானிக்குகளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. பழைய இயந்திரத்தின் மேல் இளைஞர்களுக்கு வந்திருக்கும் ஆசையும் மதிக்கத்தக்கதே.

நம் ஊர் நடுத்தரக் கைக்கு எட்டுகிற 'கிளாசிக் ஸ்போர்ட்ஸ் கார்' எது? கோவாவில் 1990-களின் இறுதியில் வந்த சான் ஸ்டார்ம் அபூர்வம். எம்.ஜி. போன்ற ஆங்கிலேய வண்டிகள் ஜமீன் கொட்டகைகளோடு நின்றுவிட்டன. மிச்சம் இருப்பது கூரையைக் கழற்றிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இத்தாலியர் மிக்கெலோட்டி வரைந்த உருவம் அது. 1959-இல் இங்கிலாந்தில் ட்ரையம்ஃப் ஹெரால்டாகப் பிறந்து, 1961-இல் சென்னைக்கு வந்து, வண்டலூர் ஆலையில் 948 சி.சி. இன்ஜினோடு உருவானது. 1962-இல் வந்த ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற அசல் ஸ்போர்ட்ஸ் கார் இதே சேஸைக் குட்டையாக்கி அதன்மேல் கட்டியதுதான். ஆக, 'இதற்குள் ஸ்போர்ட்ஸ் கார் ரத்தம் ஓடுகிறது' என்று விற்பவர் சொன்னால் அதில் பொய் இல்லை. 'பிரெஞ்சுக்காரர் காலத்து வண்டி' என்று அவரே தொடர்ந்தால் மட்டும் நாள்காட்டியைப் புரட்டுங்கள். புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது 1954 நவம்பர் 1. ஹெரால்டு அதற்கு ஏழு வருடம் இளையது.

இனி என் ஆட்சேபணைக்கு வருகிறேன். மாருதி மாதிரி உடலும் சட்டகமும் ஒன்றாக அமைந்த வண்டியல்ல ஹெரால்டு. தனியாக ஒரு சேஸ், அதன்மேல் துண்டு துண்டாகப் போல்ட் போட்டு முடுக்கிய உடல். கூரையைக் கூடப் போல்டைக் கழற்றி எடுத்துவிடலாம். கூரை கழன்ற ஹெரால்டுகள் இத்தனை நடமாடுவதற்கு அந்த வசதியே காரணம். சேஸின் நடுத்தண்டுகளிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள்தான் உடலைத் தாங்குகின்றன. சக்கரம் வாரியடிக்கும் சேறும் தண்ணீரும் போய்த் தங்குவது அங்கேதான். உப்புக் காற்று அந்த ஈரத்தை முழுதாகக் காய விடுவதில்லை. துரு உள்ளிருந்து தின்றுகொண்டு வரும். வெளியே ஒரு கொப்புளம் தெரியும்போது உள்ளே தகடு காகிதமாகியிருக்கும்.

நம் ஊரில் 'ரெஸ்டோர்' என்று நடக்கும் வேலையின் பெரும்பகுதி இந்தக் கொப்புளத்துக்குச் செய்யும் ஒப்பனைதான். துருப்பிடித்த இடத்தில் ஒரு தகட்டை ஒட்டவைத்து வெல்டிங், அதன்மேல் கனமாகப் பட்டி, தேய்ப்பு, பிரைமர், வண்ணம், கண்ணாடி மாதிரி பாலிஷ். அடியில் தார் போன்ற கறுப்புப் பூச்சை அடித்துவிட்டால் சேஸின் கதை அதோடு மூடப்படுகிறது. விலை பேசும்போதோ பேச்சு முழுக்கப் பெயிண்டைப் பற்றியும் சீட் துணியைப் பற்றியும்தான். வண்டியில் மிக மலிவாகச் செய்யக்கூடிய வேலைக்கு மிக அதிக விலையும், மிகக் கடினமான வேலைக்குச் சுழியமும் கிடைக்கும் சந்தை இது. இப்படிப்பட்ட சந்தையில் நல்ல பட்டறைக்காரர் எதற்காக மெனக்கெட்டு நல்ல வேலை செய்யவேண்டும்?

சோதிக்க நிபுணர் தேவையில்லை. ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் கதவுக்குக் கீழுள்ள விளிம்பு நெடுக நகர்த்துங்கள். ஓரிடத்தில் ஒட்டி அடுத்த சாண் தூரத்தில் வழுக்கினால் அங்கே இருப்பது பட்டி. அடுத்து, கதவைச் சாத்திவிட்டு, அதன் மேல்விளிம்பில் உள்ள இடுக்கைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் ஜாக்கி வைத்துத் தூக்கச் சொல்லுங்கள். இடுக்கு சுருங்கினாலோ கதவு உரசித் திறக்க அடம்பிடித்தாலோ சேஸ் வளைகிறது என்று பொருள். கூரை இருக்கும் வண்டியில் அந்த வளைவைக் கொஞ்சமாவது கூரை தடுத்துப் பிடிக்கும். கூரையும் போய், சேஸும் இற்றுப்போன வண்டியில் ஓட்டுநரைத் தாங்குவது பெயிண்டும் நம்பிக்கையும்.

முன்சக்கரத்தில் இன்னொரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. சக்கரத்தைத் திருப்பும் செங்குத்துக் கம்பியின் அடிமுனை 'ட்ரனியன்' என்ற பித்தளைக் கட்டைக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். அதற்குக் கியர் ஆயில் ஊற்றவேண்டும். பட்டறைகளில் பழக்கதோஷமாகக் கிரீஸை அடைக்கிறார்கள். கிரீஸ் மரைக்குள் சரியாக இறங்காது. ஈரம் இறங்கும், துரு அரிக்கும், ஒருநாள் வளைவில் கம்பி முறிந்து சக்கரம் மடிந்துவிடும். நிக்கல் பூசிய பம்பரைக் காட்டி விலை சொல்பவரிடம் 'ட்ரனியனுக்கு என்ன ஊற்றினீர்கள்?' என்று கேளுங்கள். அவர் முகத்தில் பதில் கிடைக்கும்.

சட்டமும் இந்த மவுசுக்குச் சாதகமாக இல்லை. தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. கேரள வழக்கொன்றில் 2019-இல் உச்ச நீதிமன்றம் அதை அழுத்திச் சொன்னது. 50 வயது தாண்டிய வண்டிகளுக்கு 2021-இல் வந்த விதிகள் 'வி.ஏ.' வரிசையில் தனி எண் தருகின்றன. ஆனால் வண்டி அசல் வடிவில் இருக்கவேண்டும். சேஸிலோ உடலிலோ இன்ஜினிலோ பெரிய மாற்றம் இருக்கக்கூடாது. கூரையைக் கழற்றி, வேறு கம்பெனி இன்ஜினை ஏற்றிய ஹெரால்டு இந்த வாசலில் தடுக்கி நிற்கும். எந்த வேலைக்காக வாங்குபவர் கூடுதல் காசு கொடுக்கிறாரோ, அதே வேலை அந்த வண்டியின் பாரம்பரிய அந்தஸ்தைப் பறிக்கிறது. ஆர்.சி. புத்தகத்தின் சேஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் வண்டியில் பொறித்திருப்பதோடு ஒப்பிடாமல் முன்பணம் கொடுப்பது மடத்தனம். எண் பொறித்த இடத்தில் புதுப் பெயிண்ட் இருந்தால் இன்னும் உஷார். 20 வருடம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 2025 முதல் கட்டணமே 10,000 ரூபாய் என்பதையும் கணக்கில் சேருங்கள். போதாக்குறைக்கு, இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்; அந்தக் காலத்து ரப்பர் குழாய்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல.

'படத்துக்கு நிற்கத்தானே வாங்குகிறேன், இத்தனை ஆராய்ச்சி எதற்கு?' என்பார் உண்டு. நிற்க மட்டும் என்றால் ஒரு நாள் வாடகை போதும். பெயர் மாற்றி, இன்ஷூரன்ஸ் கட்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகப்போகிறவர் வாங்குவது ஒரு வாகனம். அதைப் படமாக மதிப்பிடுவது ரசனைக் குறைவு; அப்படி மதிப்பிடச் சொல்லி விற்பது மோசடிக்கு அடுத்த படி.

என் பரிந்துரை ரசனைக்காரர்களுக்குப் பிடிக்காது. வெளிறிய பெயிண்டும் கிழிந்த சீட்டும் பழைய சொந்தக்காரரின் பில்களும் உள்ள, கூரையோடு நிற்கும், துரு கண்ணுக்குத் தெரியும் வண்டியை வாங்குங்கள். தெரிகிற துருவுக்கு விலை பேசலாம். மறைத்த துருவுக்கு முடியாது. ரெஸ்டோர் செய்ததையே வாங்குவதென்றால், உடலைக் கழற்றிச் சேஸை வெறும் இரும்பாக நிறுத்தி எடுத்த படங்களைக் கேளுங்கள். ஒழுங்காகச் செய்தவர் பெருமையோடு காட்டுவார். படமும் இல்லை, ஜாக்கி போடவும் விடமாட்டேன் என்கிறாரா? அதற்குமேல் அங்கே விலை கேட்பதே வீண்.