கூர்நோக்கு: யார், யாரை?

சிறார் குற்றம் பற்றிய ஆய்வுகளில் இரண்டு பட்டியல்கள் தவறாமல் வரும். இடர்க் காரணிகள்: வறுமை, பாதியில் நின்ற படிப்பு, குடிகாரத் தகப்பன், 'சேர்க்கை சரியில்ல'. காப்புக் காரணிகள்: பள்ளி, அக்கறையுள்ள ஒரு பெரியவர். ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த பிள்ளைகளைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்த எம்மி வெர்னர் அந்தப் பெரியவரைத்தான் அழுத்திச் சொன்னார். நான் மறுக்கவில்லை. இந்தப் பட்டியல்களில் அரசு எங்கே என்பதே என் கேள்வி.

2022 டிசம்பர் கடைசியில், தாம்பரத்தில் ரயில்வே பேட்டரி திருடினான் என்று 17 வயதுப் பையன் ஒருவனைப் பிடித்தார்கள். செங்கல்பட்டு அரசு கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பினார்கள். 31ஆம் தேதி செத்துப்போனான். அடித்துக் கொன்றதாக இல்லத்தின் ஊழியர்கள் ஆறு பேர் கைதானார்கள்.

2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, சிறாருக்குப் பிணை கொடு என்கிறது. மறுப்பதற்கு அது தரும் காரணங்களில் இரண்டு: வெளியே விட்டால் குற்றவாளிகளோடு சேர்வான், அவனுக்கு ஆபத்து நேரும். ஆக, ஆபத்து தெருவில், வீட்டில், காப்பு மதிலுக்குள். பட்டியல்களின் இருமை சட்டத்துக்குள் குடியேறுவது இப்படித்தான். செங்கல்பட்டில் அந்த இருமை தலைகீழாயிற்று.

'கூர்நோக்கு' என்ற சொல்லையே பாருங்கள். நோக்கப்படுபவன் பையன், நோக்குகிறவரை நோக்க ஆளில்லை. இல்லங்களை ஆராய நீதிபதி சந்துருவின் ஒரு நபர் குழு 2023இல்தான், அந்தச் சாவுக்குப் பிறகு வந்தது. இடர்ப் பட்டியலின் முதல் வரியில் இனி லாக்கப்பையும் இல்லத்தையும் எழுதுவோம். தகப்பன் குடித்தானா என்பதைப் பிறகு கேட்கலாம்.