‘கிராஸ்’: ஒரு வினையை ரசிப்பது எப்படி?

‘கிராஸ்’ என்ற ஆங்கில வினைக்கு ‘கட’ என்று பொருள் எழுதிவிட்டு நகர்ந்தால் பாதி ருசி போய்விடும். அதைப் புரிந்துகொள்ள அகராதியைவிடக் கோலார் தங்கவயலின் சுரங்க வரைபடம் நல்ல ஆசிரியர். அங்கே ‘ரீஃப்’ எனப்படும், தங்கம் கலந்த பாறைப் பட்டை வடக்குத் தெற்காக ஓடி, மேற்கே சரிந்தபடி பூமிக்குள் இறங்குகிறது. ரீஃபின் போக்கிலேயே குடைந்து செல்லும் வழிக்கு ‘டிரைவ்’ என்று பெயர். தரையிலிருந்து கீழே இறங்கும் வழியான ஷாஃப்டிலிருந்து, தங்கமே இல்லாத கல்லை உடைத்துக்கொண்டு, ரீஃபுக்குக் குறுக்காகப் போவது ‘கிராஸ்கட்’. சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் 3 கிலோமீட்டருக்கும் கீழே, பாறையின் சூடு 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் போன ஆழத்திலும் இதே கணக்குதான். கிராஸ்கட் வெட்டுகிறவருக்கு அக்கரை சேர்வது நோக்கமல்ல. இரண்டு கோடுகள் முட்டுகிற அந்த ஓரிடத்துக்காகத்தான் அத்தனை வெடியும் வியர்வையும்.

இந்த வினையின் உயிர் அந்த முட்டுமிடத்தில் இருக்கிறது என்பதே என் வாதம். நம் ‘கட’ எதையாவது பின்னால் விட்டுவிட்டுப் போகும்: ஆற்றைக் கடந்தோம், காலம் கடந்தது, துயரத்தைக் கடந்தாள். ‘கிராஸ்’ அப்படி விட்டுப் போவதில்லை. ஒற்றைத் தடத்தில் ரயில் வண்டி நின்றால் “கிராசிங் இருக்கு” என்கிறோம். எதிர்வண்டி வந்து, இரண்டும் ஒன்றையொன்று தாண்டும் நேரத்துக்குத்தான் அந்தப் பெயர். பெங்களூரில் மெயின் ரோட்டை வெட்டிப் போகும் தெரு ‘கிராஸ்’ ஆகிறது. ஆங்கிலத்தில் ஓர் எண்ணம் மனத்தைக் ‘கிராஸ்’ பண்ணும்போதும், வந்து மறையும் அந்த நொடியைத்தான் பேசுகிறார்கள்.

‘வரம்பு கடந்த பேச்சு’ என்பதிலும் கோடு இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் அங்கே கோட்டுக்கு அந்தப்புறம் போய்விட்டதுதான் குற்றம். ‘சந்திப்பு’ போதாதா என்றால், சந்தித்தவர்கள் அங்கேயே நின்றுவிடலாம். கிராஸ் பண்ணுவது சந்தித்தபின் தன் வழியே போய்க்கொண்டிருக்கும். கடலைக் ‘கிராஸ்’ பண்ணியதாக ஆங்கிலேயர் சொல்கிறார்களே என்பது இன்னும் வலுவான கேள்வி. ஒப்புக்கொள்கிறேன். அங்கே அது வெறும் ‘கட’தான். அந்த இடத்தில் தமிழில் ‘கிராஸ் பண்ணினார்கள்’ என்று எழுதுவது சோம்பல்.

1880 முதல் தங்கவயலை நடத்திய ஆங்கிலேய ஜான் டெய்லர் கம்பெனியின் சொற்களை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்ற கேள்வியில் நியாயமான கோபம் உண்டு. ஆனால் வட ஆற்காட்டிலிருந்து அங்கே போன தமிழ்த் தொழிலாளர்கள் ஷாஃப்ட், லெவல் போன்ற சொற்களைப் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை. எந்தக் கல் எப்போது சரியும் என்று தெரியாத இடத்தில், கையால் வேலை செய்து கற்றார்கள். 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. தங்கவயல்காரர்கள் பிழைப்புக்கு ரயிலேறிப் பெங்களூருக்குப் போய்வருகிறார்கள். அவர்கள் பேச்சில் ஆங்கிலம் கலந்திருப்பதைக் குறையாகச் சொல்லுமுன், அந்தச் சொற்கள் எந்த வேலையில் புழங்கின என்று கேட்டுப் பாருங்கள். ஆங்கிலம் படிக்கும்போதும் ‘கிராஸ்’ கண்ணில் பட்டால் அர்த்தத்தை அப்புறம் தேடலாம். முதலில் இரண்டு கோடுகளையும் வரைந்து, எங்கே முட்டுகின்றன என்று பாருங்கள்.